அறுபத்தெட்டாம் எண் அச்சும் அதன் பங்காளிகளும்

அமெரிக்கத் தரைப்படை 1911 மார்ச் 29 அன்று ஜான் மோசஸ் பிரௌனிங்கின் .45 பிஸ்டலை ஏற்றுக்கொண்டபோது, ஒரு குண்டையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டது. எடை 230 கிரெய்ன், அதாவது ஏறக்குறைய 15 கிராம், மேலே உலோகச் சட்டை, முனை உருண்டை. மேகசினின் உதடுகள், அடிச்சட்டத்தின் சரிவு, குழல் வாயின் வளைவு எல்லாம் அந்த உருண்டை முனைக்கு அளவெடுத்துச் செய்தவை. வீட்டில் ஈயம் உருக்கிக் குண்டு வார்க்கும் வழக்கம் அந்தப் பிஸ்டலைவிடப் பழையது. ஆனால் அது ரிவால்வருக்கும் ரைபிளுக்கும் வார்த்துப் பழகிய கை. ரிவால்வரில் தோட்டாவைக் கையாலேயே அறைக்குள் போடுகிறோம், ஆகவே முனை எப்படி இருந்தாலும் கவலையில்லை. பிஸ்டலில் அந்த வேலையை இயந்திரம் செய்கிறது. ஒவ்வாத முனையை அது நடுவழியில் நிறுத்திவிடும். இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் அமெரிக்க வார்ப்பு அச்சுகளின் பாணிகள் கிளைத்தன.

இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றம். எனவே நமக்கு இது பார்த்து ரசிக்க வேண்டிய அயல்நாட்டுக் கைவினை. கருவி நேர்த்தியில் மனம் லயிப்பவர்களுக்கு ரசிக்க நிறையவே இருக்கிறது.

தோட்டா அறைக்குள் ஏறும் வழியைப் புரிந்துகொண்டால் பாதி வழக்கு தீர்ந்துவிடும். சுட்டவுடன் ஸ்லைடு பின்னால் போய், வில்லின் விசையில் முன்னால் திரும்புகிறது. திரும்பும்போது மேகசினின் மேல்தோட்டாவைப் பின்புறமிருந்து தள்ளுகிறது. குண்டின் மூக்கு சரிவில் முட்டி மேலே எழும்பி, குழலின் மேல்விளிம்பில் உரசுகிறது. பிறகு தோட்டா தலை தாழ்த்தி நேராகி அறைக்குள் நுழைகிறது. அதே நேரத்தில் அதன் அடிவிளிம்பு இழுப்புக் கொக்கியின் கீழ் ஏறி உட்கார வேண்டும். இத்தனையும் கண் இமைப்பதற்குள் நடந்தாக வேண்டும். தாழ்ந்த நிலைவாசலில் நெட்டையான ஆள் குனிந்து நுழைவது போலத்தான் இது. குனிய வேண்டிய இடம் தள்ளிப்போனால் நெற்றியில் இடிதான். மூக்கு எந்த இடத்தில் சரிவைத் தொடுகிறது என்பதை அதன் வடிவமும் தோட்டாவின் மொத்த நீளமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. ஆகவே அச்சு வாங்கும்போது எடையையும் அழகையும் பார்ப்பதற்கு முன் மூக்கின் நீளத்தைப் பார்க்க வேண்டும்.

முதல் பாணி உருண்டைமுனை. அதன் தாய்வீடு கனெக்டிகட் மாநிலம். ஜான் பார்லோ 1884இல் நியூ ஹேவனில் தொடங்கிய ஐடியல் நிறுவனம் அச்சுகளுக்கு எண் சூட்டும் முறையை நிலைநாட்டியது. 1925இல் அதை வாங்கிய லைமன் நிறுவனமும் அந்த முறையைக் கைவிடவில்லை. லைமன் 452374 என்றால் முதல் மூன்று இலக்கம் குண்டின் விட்டம், அங்குலத்தில் ஆயிரத்தில் 452 பங்கு; மிச்சம் மூன்றும் வடிவத்தின் எண். ராணுவக் குண்டின் உருவத்தை ஈயத்தில் எடுத்தது போன்ற 225 கிரெய்ன் குண்டு அது. எந்த .45 பிஸ்டலும் இதை மறுக்காமல் விழுங்கும் என்பது வார்ப்பவர்களிடையே பொதுவான நம்பிக்கை, பெரும்பாலும் உண்மையும்கூட. குறை ஒன்றுதான்: காகித இலக்கில் ஓரம் கிழிந்த துளை விழும். புள்ளி கணக்கிடும் போட்டியில் அந்தக் கிழிசல் மதிப்பெண் தகராறில் போய் முடியும்.

இந்தக் கிழிசலுக்கு மாற்று இரண்டாம் பாணி. ஐடஹோ மாநிலத்தின் எல்மர் கீத் 1920களின் இறுதியில் .44 ரிவால்வருக்காக வடிவமைத்த 429421 எண் குண்டில் தட்டையான முனையும், கத்தி விளிம்பு போன்ற அகன்ற தோளும் உண்டு. அந்தத் தோள் காகிதத்தில் வட்டமாகத் துளை வெட்டும். ரிவால்வர்க்காரர்கள் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். கீத் மீது எனக்கும் மதிப்பு உண்டு, ஆனால் அவர் பெயரைச் சொல்லிப் பிஸ்டல் அச்சு விற்கும்போது கொஞ்சம் சிரிப்பு வருகிறது. தோட்டாக் கூட்டின் வாய்க்கு வெளியே, தோளை ஒட்டி முழு விட்டத்தோடு நீண்டிருக்கும் முன்பட்டை, தானியங்கி அறையில் நுழைவதற்கு முன்பே எங்காவது தடுக்கும். ரிவால்வரில் எது பலமோ, பிஸ்டலில் அதுவே பிணி.

இவ்விரண்டுக்கும் நடுவே வழி கண்டது ஹென்ஸ்லி அண்ட் கிப்ஸ். கலிபோர்னியாவின் சான் டியேகோவில் தொடங்கி, பின்னாளில் ஒரிகானுக்குக் குடிபெயர்ந்த சிறிய பட்டறை அது. ஒரே தடவையில் பத்துக் குண்டு வார்க்கும் பெரிய அச்சுகள்கூட அங்கே கடைந்தார்கள். அவர்களுடைய 68ஆம் எண் அச்சு 200 கிரெய்ன் குண்டைத் தரும். காகிதத்தை வெட்டத் தோள் இருக்கிறது, ஆனால் அது ஒடுங்கிய தோள். மூக்கு கூம்பாக நீண்டு, நுனியில் மட்டும் சிறிய தட்டை. அந்தத் தட்டையின் விளிம்பு, ராணுவக் குண்டின் வளைவு போகும் கோட்டை ஒட்டியே விழும். சரிவைப் பொறுத்தவரை வந்திருப்பது பழைய விருந்தாளிதான். காகிதத்தைப் பொறுத்தவரை புதிய ஆள். இந்தச் சூட்சுமத்துக்காகவே பல நிறுவனங்கள் 68ஐப் பார்த்து அச்சு கடைந்தன. சேக்கோ நிறுவனத்தின் பட்டியலில் அதே எண்ணிலேயே ஓர் அச்சு இருந்தது. இன்று அந்தப் பட்டறையின் பழைய அச்சுகளைச் சேகரிப்பவர்கள் போட்டி போட்டு வாங்குகிறார்கள்.

அமெரிக்காவின் ‘புல்ஸ்ஐ’ போட்டியை நினைத்துப் பார்த்தால் 68இன் செல்வாக்கு விளங்கும். ஓஹியோவின் கேம்ப் பெரியில் 1907 முதல் தேசியப் போட்டிகள் நடக்கின்றன. முழுச் சுற்றுக்கு 2700 புள்ளி. அதில் 50 கஜத்தில் நிதானமாகச் சுடுவதும் உண்டு, 25 கஜத்தில் 10 நொடிக்குள் 5 குண்டு சுடுவதும் உண்டு. அந்தப் பத்து நொடியில் ஒரு தோட்டா சிக்கினால் சுடுபவரின் ஓட்டமே கலைந்துவிடும். ஆகவே அங்கே துல்லியத்துக்குச் சமமாகத் தடையின்மையும் ஒரு தரம். காகிதத்தையும் சரிவையும் ஒருசேரத் திருப்தி செய்த அச்சு, போட்டியாளர்களின் ஈயம் உருக்கும் கொப்பரை அருகே நிரந்தர இடம் பிடித்ததில் வியப்பில்லை.

ஆனால் 68ஐப் போலத் தோள் வைத்ததெல்லாம் 68 ஆகிவிடாது. லைமன் 452460 கூட 200 கிரெய்ன்தான். மூக்கு சற்றுக் குட்டை. 68க்குச் சொன்ன மொத்த நீளத்தை இதற்கும் வைத்தால் தோள் அளவுக்கு மீறி வெளியே நிற்கும், ஸ்லைடு முழுதாக மூடாது. கூட்டின் வாய்க்கு மேலே தோள் ஏறக்குறைய 0.8 மில்லிமீட்டர் தெரிய வேண்டும் என்பது பழைய கைகள் சொல்லும் கணக்கு. மொத்த நீளம் அச்சுக்கு அச்சு மாறும். தோள் கணக்கு அவ்வளவாக மாறாது. ஒரு புத்தகத்தின் நீள எண்ணை வேறோர் அச்சுக்குத் தூக்கிப் போடுகிறவர்கள்தான் துப்பாக்கியை அதிகம் திட்டுகிறார்கள்.

மூன்றாவது, வெட்டுக்கூம்பு. இது புதுமை என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் 1902இல் கியோர்க் லூகரின் 9 மி.மீ. தோட்டா பிறந்தபோதே அதன் குண்டு நுனி வெட்டிய கூம்புதான். உருண்டைமுனை முதல் உலகப் போர்க் காலத்தில் வந்து சேர்ந்தது. லைமன் 356402 இந்த வம்சம். 9 மி.மீ. பிஸ்டலுக்கு அச்சு தேடுகிறவருக்கு இது நல்ல தேர்வு. ஒரே எச்சரிக்கை: சில பிஸ்டல்களில், குறிப்பாகச் செக் நாட்டு சி.இசட். 75இல், அறைக்கும் வரிப்பள்ளத்துக்கும் இடையே இடம் குறைவு. பருத்த மூக்குள்ள குண்டை அங்கே இன்னும் ஆழமாக உட்கார வைக்க வேண்டிவரும். ஆழம் கூடினால் அழுத்தமும் கூடும். குளோக் போன்ற பலகோணக் குழல்களுக்குச் சட்டையில்லாத ஈயம் வேண்டாமென்று தயாரிப்பாளரே சொல்கிறார், அங்கே அச்சுப் பேச்சே எழவில்லை.

முழுத் தட்டைமுனையும் பிஸ்டலில் ஓடும் என்று 1961இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் காட்டியது. அவர்களுடைய மாடல் 52, கூட்டின் வாயோடு சமமாக உட்கார்ந்த .38 ஸ்பெஷல் குண்டை மட்டுமே ஏற்கும். மேகசினில் ஐந்துதான் கொள்ளும். குண்டுக்காகவே துப்பாக்கியைச் செய்தார்கள், அதனால் ஓடியது. இந்த உதாரணத்தைக் காட்டி பிரௌனிங்கின் .45 பிஸ்டலுக்குத் தட்டைமுனை கேட்பது வீண்வாதம்.

விஸ்கான்சினின் லீ நிறுவனத்து அலுமினிய அச்சுகளைப் பற்றி ஒரு வார்த்தை. விலை குறைவு, சீக்கிரம் சூடேறும், முரட்டுக் கைக்குத் தாங்காது. உடம்பெல்லாம் நுண்பள்ளம் வைத்து, மெழுகுத் திரவத்தில் புரட்டி எடுக்கும் வகையை ஏராளமானோர் விரும்புகிறார்கள். அந்தப் பிசுக்கு, குண்டைக் கூட்டுக்குள் அழுத்தும் கருவியில் படிந்து, மதியத்துக்குள் தோட்டா நீளத்தைக் குட்டையாக்கிவிடும். துடைத்துக்கொண்டே இருக்கும் பொறுமைசாலிக்கு அது சரி.

இனி அச்சின் மேல் விழும் வீண்பழிகள். .45இல் உலோகச் சட்டைக் குண்டு .451 அங்குலம் என்றால் ஈயம் .452 வேண்டும். வார்த்தது அதற்குக் குறைந்தால் குழலில் ஈயம் அப்பும். கூட்டின் வாயைப் போதுமான அளவு விரிக்காமல் குண்டை அழுத்தினால் ஈயம் வளையமாகச் சீவப்பட்டு அறையின் முன்னால் சேரும்; நாலைந்து தோட்டாவுக்குப் பின் ஸ்லைடு மூட மறுக்கும். பழி அச்சுக்கு, குற்றம் வாய்விரிப்புக்கு. விரித்த வாயை மறுபடி ஒடுக்கும்போது .45இல் 12 மி.மீ.க்கு நூலிழை கீழே நின்றால் போதும். பிடி தளர்ந்திருந்தால் சரிவில் முட்டும் குண்டு கூட்டுக்குள் பின்வாங்கும். அது சிக்கலோடு நிற்காது, ஆபத்தாகும். மருந்து குறைந்த இலக்குத் தோட்டாவை முழு விசை வில்லோடு சுட்டாலும் ஸ்லைடு பாதிவழி போய்த் திரும்பி வரும். அதற்கு வில்லைத்தான் மாற்ற வேண்டும், அச்சை அல்ல.

உலோகக் கலவையில் லைமன் 2ஆம் எண் பழைய அளவுகோல்: ஈயம் 90, வெள்ளீயம் 5, ஆன்டிமணி 5 விழுக்காடு. வாகனச் சக்கரங்களின் ஈய எடைக்கட்டிகளை உருக்கிக் குண்டு வார்த்த காலம் முடிந்துவருகிறது; கலிபோர்னியா 2010இலேயே ஈய எடைக்கட்டிகளுக்குத் தடை போட்டது. எப்படியிருந்தாலும் பிஸ்டலில் தோட்டா ஏறுவதற்குக் கலவையைவிட வடிவமே முக்கியம். ஈயப்புகையும் தூசும் உடம்புக்கு நஞ்சு என்பதை மட்டும் எந்தப் பாணிக்காரரும் மறந்துவிடக் கூடாது.

தேர்வு எப்படி? மருந்தும் தீமூட்டியும் இல்லாத போலித் தோட்டா ஒன்றைச் செய்யுங்கள். குழலைத் தனியே கழற்றி, அறைக்குள் போடுங்கள். ‘டொக்’ என்று விழ வேண்டும், விரலால் சுழற்றினால் சுழல வேண்டும், கவிழ்த்தால் தானாக விழ வேண்டும். அதன்பின் மேகசினை நிரப்பி, ஸ்லைடை முழுதாக இழுத்து விட்டுப் பாருங்கள்.

முதல் அச்சு வாங்குபவருக்கு என் தீர்ப்பு இது. .45க்கு இலக்குச் சுடுதலே நோக்கமென்றால் 68இன் வம்சத்தில் ஒன்று, எந்தப் பிஸ்டலிலும் ஓட வேண்டுமென்றால் உருண்டைமுனை, 9 மி.மீ.க்கு வெட்டுக்கூம்பு. எதுவானாலும் முதலில் இரண்டு குழி அச்சே போதும். பிஸ்டல் ஏற்கிறதா என்று தெரிந்த பிறகு ஆறு குழி வாங்கலாம்.