கதையிதழின் விதி யாருக்கு?

சென்ற திங்கள் என் பழைய மாணவர் நால்வர் வீடு தேடி வந்தனர். இன்று ஆளுக்கொரு அலுவலில் இருப்பவர்கள். கதை எழுதும் ஆசை ஒன்றே நால்வருக்கும் பொது. சிறுகதைக்கென்றே இணையத்தில் ஓர் இதழ் தொடங்கப் போவதாகவும், அதற்குத் தாங்கள் வகுத்துள்ள விதிமுறைகளைப் பார்த்துத் திருத்தித் தரவேண்டும் என்றும் கேட்டனர். 17 விதிகள் எழுதியிருந்தனர். கதையின் நீளம், எழுத்துரு, பிழையின்மை, வேறு இதழில் வெளிவந்திராமை, முடிவு ஆசிரியர் குழுவினதே என்பது, கடிதப் போக்குவரத்துக்கு இடமில்லை என்பது என்று வரிசையாகச் சென்றன. தமிழ் நடையில் குறை சொல்வதற்கில்லை. ஆயின் 17 விதிகளும் எழுதுகிறவரைக் கட்டுவனவே. வெளியிடுகிறவரைக் கட்டும் விதி ஒன்றேனும் அதில் இல்லை.

இது அந்த நால்வரின் குறை மட்டும் அன்று. நம்மவர் நடத்தும் கதையிதழ்கள் பலவற்றின் அறிவிப்பைப் படித்துப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்ததே. என்னிடம் பயின்ற பெண்ணொருத்தி ஓர் இணைய இதழுக்குக் கதை அனுப்பிவிட்டு 14 மாதம் காத்திருந்தாள். வேண்டும் என்றும் விடை வரவில்லை. வேண்டா என்றும் வரவில்லை. அதே கதையை வேறோர் இதழுக்கு அனுப்பவும் விதி இடந்தரவில்லை. அந்த இதழை நடத்துவோர் கெட்டவர்கள் அல்லர். ஊதியமின்றி, அலுவல் முடிந்தபின் இரவில் கண்விழித்து உழைப்பவர்களே. ஆனால் எத்தனை நாளில் விடை தருவோம் என்று அவர்கள் எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்காத கடமையை நினைவூட்ட எவருக்கும் உரிமை இல்லாமற் போகிறது.

இன்னது குற்றம் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுவது தமிழர்க்குப் புதிதா? நன்னூலின் பொதுப்பாயிரம் நூலுக்கு ஆகாத குற்றம் பத்தையும், அமைய வேண்டிய அழகு பத்தையும் வகுத்து வைத்திருக்கிறது. கூறியது கூறல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல் ஆகியவற்றை நாம் வகுப்பில் நடத்துகிறோம், தேர்வில் கேட்கிறோம், பிறகு மறந்துவிடுகிறோம். எழுதுகிறவரும் மதிப்பிடுகிறவரும் ஒரே அளவுகோலைக் கையில் வைத்திருக்கிறார்கள் என்பதன்றோ அதன் சிறப்பு! கதையளவில் பார்த்தாலும், பொற்கிழிக்குப் பாட்டுக் கொண்டுவந்த தருமிக்குக்கூடக் காரணம் சொல்லித்தானே மறுத்தார்கள்? 14 மாதம் அவரைக் காத்திருக்க வைக்கவில்லை.

பேச்சு இணைய இதழைப் பற்றியது ஆதலின், இணைய இதழ் ஒன்றையே எடுத்துப் பார்ப்போம். 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவில் ‘ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ்’ என்னும் இதழ் தொடங்கப்பெற்றது. அறிவியல் கதைகளும் மாயக் கதைகளும் வெளியிடுவது, வாரந்தோறும் வருவது. இதைத் தோற்றுவித்து முதல் தலைமையாசிரியராக இருந்தவர் மேரி ஆன் மோகன்ராஜ். கொழும்பில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த தமிழ்ப் பெண் என்பதை நம் வாசகர் அறிந்துகொள்வது நலம். இதழில் பணிபுரிவோர்க்குச் சம்பளம் இல்லை. வாசகர் தரும் நன்கொடையில் நடக்கிறது. எனினும் கதை எழுதியவருக்குப் பணம் உண்டு. ஆசிரியர் பட்டினி கிடந்தாலும் எழுத்தாளருக்கு இலை போட்டாக வேண்டும் என்பது அவர்கள் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட விதி. நம்மிடையே இது தலைகீழாக நடப்பதையும் பார்த்திருக்கிறோம். அதை இங்கே விரிக்கவில்லை.

அந்த இதழில் நான் வியந்தது பணத்தை அன்று, ஒரு பட்டியலை. ‘நாங்கள் அளவுக்கு மீறிப் பார்த்துவிட்ட கதைகள்’ என்ற கருத்தில் ஒரு நீண்ட அட்டவணை வெளியிட்டிருக்கிறார்கள். எழுத வராமல் தவிக்கும் எழுத்தாளனைப் பற்றிய கதை. வேற்றுக் கோளுக்குச் சென்றவன் அவ்வூர் வழக்கத்தை அறியாமல் மீறித் தண்டனை அடையும் கதை. விந்தைகள் எல்லாம் நடந்து, கடைசியில் அவை எவையும் மெய்யல்ல என்று முடியும் கதை. இப்படி வகை வகையாகச் சொல்லி, உள்வகையும் பிரித்திருக்கிறார்கள். படிக்கும்போது சிரிப்பு வருகிறது. சிறிது நேரத்தில் நம் கதையும் அதில் இருப்பது கண்டு சிரிப்பு அடங்குகிறது.

நான் இதைத் திறனாய்வு என்றே கொள்வேன். ‘தரமான கதைகளை அனுப்புக’ என்பது விதியே அன்று. தம் கதை தரமற்றது என்று எண்ணிக்கொண்டு அனுப்புவார் எவரும் இல்லை. ‘கனவு கண்டு விழித்ததாக முடியும் கதைகளை நிறையப் பார்த்துவிட்டோம்’ என்று சொன்னால், அதில் ஒரு வாசகரின் களைப்பு இருக்கிறது. பல நூறு கதைகளைப் பொறுமையாகப் படித்தவரின் சான்று இருக்கிறது. புதியவர் ஒருவர் அதைப் படித்தால், தம் முதற் கற்பனை பிறருடைய முதற் கற்பனையாகவும் இருக்கக்கூடும் என்பதை உணர்வார். பத்து நூல் படித்தும் கிட்டாத பாடம் இது.

நமக்கென்று ஒரு பட்டியல் எழுதினால் என்ன? மாணவர் நால்வரோடு உட்கார்ந்து ஒரு மாலையில் எழுதிப் பார்த்தோம். முதியோர் இல்லத்துத் தாய், மகனுக்கு எழுதி வைத்துவிட்டு இறந்த கடிதம். குடிகாரத் தந்தை, மகள் முதல் வகுப்பில் தேறிய நாளன்று திருந்துவது. தோட்டத்தை விட்டு வெளியேறும் குடும்பம், கடைசி வரியில் கோவிலைத் திரும்பிப் பார்ப்பது. ஆசிரியரின் ஒரே சொல்லில் நல்வழிப்படும் முரட்டு மாணவன். (இந்தக் கடைசிக் கதையை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆசிரியர்களே, யானும் எழுதியிருக்கிறேன்.) இவற்றில் எதுவும் பொய்யன்று. தோட்டத்தை விட்டு மக்கள் வெளியேறியது நம் வரலாறு. ஆனால் கோவிலைத் திரும்பிப் பார்த்தவர் கண்ணில் என்ன பட்டது என்பதை எழுதாமல், திரும்பிப் பார்த்தார் என்பதோடு நிறுத்திவிட்டால் அது சென்று தேய்ந்து இறுதலே.

இத்துணை புகழ்ந்தபின் அந்தப் பட்டியலின் குறையையும் சொல்லவேண்டும். பழகிப்போன கரு இது என்று மட்டும் அது சொல்கிறது. குறிப்பிட்ட ஒரு கதையில் எந்த இடம் உயிரற்றுக் கிடக்கிறது என்று சொல்வதில்லை. கதைகள் வந்து குவியும் ஆங்கில இதழுக்கு அதற்கு மேல் இயலாதுதான். மாதம் பத்துக் கதை வந்தாலே பெரிது என்னும் நிலையில் உள்ள நம் சிற்றிதழுக்கு அந்தச் சாக்கு இல்லை. நமக்கு முன்மாதிரி நம் மண்ணிலேயே இருந்தது. 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன தமிழ் நேசன் நாளிதழில், 1950, 51ஆம் ஆண்டுகளில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தினர். பாடம் எழுதினர், பயிற்சி கொடுத்தனர், எழுதி வந்தவற்றை மதிப்பிட்டனர். பின்னர் 1953இல் மலாயா வந்து 1957 வரை அவ்விதழில் பணியாற்றிய கு. அழகிரிசாமி, எழுத்தாளர்களைக் கூட்டிவைத்துக் கதைகளைப் பற்றிப் பேசச் செய்தார். வகுப்பு என்றதும் கதை இலக்கணப் பயிற்சியாகச் சுருங்கிவிடும் ஆபத்து உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆயினும் அனுப்பியவருக்கு ஒரு விடை உண்டு என்ற உறுதி அதில் இருந்தது. வகுப்பு வைக்க வேண்டா. மறுக்கும் கதைக்கு இரண்டு வரிக் காரணம் எழுத நம்மால் முடியாதா?

திருத்தம் பற்றிய விதியில்தான் நாங்கள் அதிக நேரம் வாதாடினோம். ‘கதைகளைத் திருத்தவும் சுருக்கவும் ஆசிரியர் குழுவுக்கு உரிமை உண்டு’ என்று அவர்கள் எழுதியிருந்தனர். சந்திப் பிழையைத் திருத்துவதில் யாருக்கும் வழக்கில்லை. ஆனால் நம்மூர்க் கதையில் வரும் ‘பால்மரம்’ தமிழகத்து ஆசிரியர் கையில் ‘ரப்பர் மரம்’ ஆகிவிடும். ‘பசியாறிட்டீங்களா?’ என்று கேட்ட கிழவி, அச்சேறும்போது ‘சாப்பிட்டீர்களா?’ என்று கேட்பாள். பிழை ஒன்றும் இல்லை, கிழவிதான் இல்லை. ஆகவே சொல்லை மாற்றும் முன் எழுதியவரின் இசைவைப் பெறுவோம் என்று ஒரு விதி வேண்டும். எந்தத் தமிழை இவ்விதழ் ஏற்கும் என்பதையும் அங்கேயே சொல்லிவிட வேண்டும். தங்கள் எல்லையைச் சொல்லிக்கொள்வதால் இதழ் சிறுத்துவிடாது. 2018இல் தொடங்கிய ‘அரூ’ இதழ் கனவுருப் புனைவுக்கென்றே தன்னை அறிவித்துக்கொண்டது. அதனாலேயே அவ்வகை எழுதுவோர் அதைத் தேடிச் சென்றனர்.

இயந்திரம் எழுதும் கதை குறித்தும் ஒரு வரி தேவை. 2023 பிப்ரவரியில் ‘கிளார்க்ஸ்வேர்ல்ட்’ என்னும் அமெரிக்க இதழ், அம்மாதத்தில் மட்டும் 500 அளவில் இயந்திரக் கதைகள் வந்து குவிந்ததால் கதை பெறுவதையே நிறுத்தி, மறுமாதம்தான் மீண்டும் தொடங்கியது. தமிழுக்கு அது வராது என்று இருப்பது பேதைமை. ஏற்பதில்லை என்றால் ஏற்பதில்லை என்று எழுதிவிட வேண்டும்.

மாலை முடிவதற்குள் 17 விதிகள் 9 ஆயின. அவற்றுள் நான்கு ஆசிரியர் குழுவைக் கட்டுவன. ஒன்று மட்டும் இன்னும் முடிவாகவில்லை. 30 நாளில் விடை தருவோம் என்று எழுதவேண்டும் என்கிறார் ஒருவர். 90 நாள் இல்லாமல் முடியாது என்கிறார் மற்றவர். 14 மாதம் காத்திருந்தவளும் அந்த நால்வரில் ஒருத்தி. 90 கேட்பவள் அவளே.