சேஸிங் ஐஸ்: கேமரா சொன்னதும் சொல்லாததும்

பருவநிலை மாற்றத்தை நம்பாத அலுவலக நண்பர் ஒருவருக்கு 'சேஸிங் ஐஸ்' (2012) ஆவணப்படத்தை ஆதாரமாகக் காட்டினேன். ஒரே கேள்வியில் மடக்கிவிட்டார்: "அதே அலாஸ்காவுல ஹார்வர்டு பனியாறு போன நூற்றாண்டு பூரா முன்னாடி வந்திருக்கே, அதுக்கு என்ன சொல்றீங்க?"

பதில் தெரியவில்லை. கொஞ்சம் படித்துவிட்டு, படத்தை மறுபடி பார்த்தேன்.

உழைப்பில் குறையே சொல்ல முடியாது. ஜேம்ஸ் பாலோக் 2007-ல் தொடங்கி கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, அலாஸ்கா, மொன்டானா என்று டைம்-லாப்ஸ் கேமராக்களைப் பொருத்துகிறார். கேமரா வேலை செய்யாமல் போய் அவர் உடைந்துபோகும் காட்சி, ப்ரொடக்‌ஷனில் டேட்டாவைத் தொலைத்த எவருக்கும் வயிற்றைக் கலக்கும்.

பிரச்சினை, படம் கூப்பிடும் சாட்சிகளில்தான் இருக்கிறது. அலாஸ்காவின் கொலம்பியா பனியாறு கடலில் முடிவது. 1980 வாக்கில்வரை அதன் முனை, ஆழம் குறைந்த ஒரு மேட்டில் முட்டுக்கொடுத்து நின்றது. அங்கிருந்து நழுவி ஆழ்நீருக்குள் வந்ததும் பனி மளமளவென்று உடைய ஆரம்பித்தது. 20 கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கியதில் வெப்பத்தின் பங்கு எவ்வளவு, கடலடி அமைப்பின் பங்கு எவ்வளவு என்று கேமராவால் பிரித்துச் சொல்ல முடியாது. ஹார்வர்டும் கடலில் முடிவதுதான். ஆக, எனக்கு கொலம்பியாவும் சரியான சாட்சி இல்லை, நண்பருக்கு ஹார்வர்டும் இல்லை.

படத்திலேயே வரும் ஐஸ்லாந்தின் சோல்ஹைமாயோகுல் இன்னும் நல்ல சாட்சி. அது கடலைத் தொடுவதில்லை. 1930 வாக்கிலிருந்தே அதை அளந்து வருகிறார்கள். குளிரான சில பத்தாண்டுகளில் முன்னேறியது, 1990-களின் நடுவிலிருந்து வேகமாகப் பின்வாங்கியது. வெப்பநிலைக்கு ஏற்ப இரண்டு பக்கமும் நகர்ந்தது என்பதுதான் அதன் பலம்.

இன்னொன்று: புகைப்படம் பனியாற்றின் முனையைக் காட்டும், தடிமனைக் காட்டாது. இமாச்சலத்தின் சோட்டா ஷிக்ரியில் 2002 முதல் பனிக்குள் மூங்கில் குச்சிகளை இறக்கி, எவ்வளவு வெளியே தெரிகிறது என்று வருஷாவருஷம் அளக்கிறார்கள். பெய்த பனி வரவு, உருகியது செலவு. பார்க்க சுவாரஸ்யமே இல்லாத வேலை. ஆனால் கணக்கு அங்கேதான் இருக்கிறது.

நண்பருக்கான பதிலும் கணக்குதான். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பனியாறுகளைச் செயற்கைக்கோள் படங்களால் அளந்த ஆய்வு 2021-ல் 'நேச்சர்' இதழில் வந்தது. 2000 முதல் 2019 வரை வருஷத்துக்குச் சராசரியாக 26,700 கோடி டன் இழப்பு. ஹார்வர்டு மாதிரி விதிவிலக்குகளையும் சேர்த்துத்தான்.

படத்தை அவசியம் பாருங்கள். ஆனா வாதாடப் போகும்போது இந்தக் கணக்கையும் கையோட எடுத்துட்டுப் போங்க. உண்மையான கேஸுகூட தப்பான சாட்சியால தோத்துடும்.