இரண்டாவது கிளட்ச்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் காரில் இரண்டு கிளட்ச், இரண்டு பிரேக். ஒரு ஜோடி கற்பவரின் காலடியில், மற்றொன்று இடப்பக்கம் உட்கார்ந்திருக்கும் ஆசிரியரின் காலடியில். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் பயிற்சி வண்டிகளுக்கு இந்த இரட்டைக் கட்டுப்பாட்டைக் கேட்கின்றன. பாதுகாப்புக்காக வந்த ஏற்பாடு. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் பெண்கள் வண்டி ஓட்டுவதைப் பற்றி எழுதப்பட்டதையும் எடுக்கப்பட்டதையும் விமர்சிக்க உட்காரும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த இரண்டாவது கிளட்ச்தான். அது எந்தப் படத்திலும் வருவதில்லை.

நம் சினிமாவிலிருந்து தொடங்கலாம். பிரம்மாவின் ‘மகளிர் மட்டும்’ (2017) படத்தில் ஜோதிகா புல்லட்டில் வருகிறார். அந்தக் காட்சிக்குத் திரையரங்கில் விசில் அடித்தவர்களில் நானும் உண்டு. கின்ஸ்லினின் ‘டிரைவர் ஜமுனா’வில் (2022) ஐஸ்வர்யா ராஜேஷ் வாடகைக் கார் ஓட்டுகிறார், கூலிப்படை ஆட்கள் அவர் வண்டியில் ஏறிவிடுகிறார்கள். இரண்டு பெண்களும் நம்மிடம் வரும்போதே ஓட்டத் தெரிந்தவர்கள். எங்கே கற்றார்கள், யார் கற்றுக்கொடுத்தார்கள், முதல் வாரம் வண்டி எத்தனை முறை நின்றது என்பதெல்லாம் கதைக்குத் தேவைப்படவில்லை. நாயகனுக்கு இது பொருந்தும் என்று வாதிடலாம். அவனுக்கு ஓட்டத் தெரியும் என்பது கேள்வியே இல்லாமல் ஏற்கப்பட்ட உலகம் அது. ஒரு பெண்ணுக்கு ஓட்டத் தெரியும் என்பது அவள் வீட்டில் குறைந்தது மூன்று சண்டைகளையாவது தாண்டி வந்த செய்தி. அந்தச் சண்டைகளை வெட்டிவிட்டு முடிவை மட்டும் காட்டினால் கிடைப்பது ஒரு போஸ்டர்.

கற்கும் காட்சியே இல்லை என்றும் சொல்ல முடியாது. வெகுகாலமாக இருக்கிறது: நாயகி ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்க, நாயகன் பக்கத்திலிருந்து அவள் கைமேல் கைவைத்து கியர் போடுவான். அல்லது நகைச்சுவை நடிகர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பின்சீட்டில் கத்துவார். ஒன்றில் கற்பது காதலுக்கு முன்னுரை, மற்றதில் சிரிப்புக்கு. அவள் கடைசியில் ஓட்டக் கற்றாளா என்று இரண்டும் சொல்வதில்லை.

வெளியே போனால் நிலைமை கொஞ்சம் மேல். அமெரிக்கப் பெண்ணியக் கட்டுரையாளர் கேத்தா பாலிட் ஐம்பது வயதுக்கு மேல் கார் ஓட்டக் கற்றதைப் பற்றி 2002இல் ‘நியூ யார்க்கர்’ இதழில் எழுதினார். உடன் வாழ்ந்தவர் விட்டுப்போன பிறகு, பிலிப்பைன்ஸ்காரரான ஓர் ஆசிரியரிடம் கற்கிறார். கட்டுரையின் பலமே அது தன்மேல் இரக்கப்படாததுதான். 2014இல் இசபெல் குவாஷே இதைப் படமாக்கியபோது ஆசிரியர் பென் கிங்ஸ்லி நடித்த சீக்கியராக மாறினார்; மென்மையானவர், ஆழமானவர், ஏறக்குறைய குரு. பெண்ணின் கட்டுரை ஆணின் பொறுமையைப் பற்றிய படமாகிவிட்டது. கார் அதில் மணமுறிவிலிருந்து மீள்வதற்கான உருவகம். உருவகத்துக்கு கிளட்ச் தேவையில்லை. அமெரிக்கக் கார்களில் பெரும்பாலானவற்றில் அது கிடையாது என்பது வேறு.

‘டிரைவிங் வித் செல்வி’ (2015) என்ற ஆவணப்படம் இதைவிட எனக்கு நெருக்கம். கனடாவைச் சேர்ந்த எலிசா பலோஸ்கி பத்தாண்டுகளாகப் பின்தொடர்ந்து எடுத்தது. சிறுவயதில் கட்டிவைக்கப்பட்டு, அந்தத் திருமணத்திலிருந்து தப்பி, மைசூரில் பெண்கள் காப்பகம் ஒன்றை அடைந்து, தென்னிந்தியாவின் முதல் பெண் டாக்சி ஓட்டுநர் என்று அறியப்பட்டவர் செல்வி. இங்கே கார் உருவகமும் இல்லை, காதலுக்கான சாக்கும் இல்லை. அது கூலி. ஓட்டினால் சாப்பாடு. பிடிவாதமாகப் பத்தாண்டு காத்திருந்ததால்தான் இந்தப் படத்தில் ஒரு பெண் பழகுவது தெரிகிறது. பழகுவது என்றால் ஒரே நாளில் வராதது.

இனி நெய்வேலிக்கு வருகிறேன். நிறுவனம் 1956இல் தொடங்கியது. நகரியம் அதோடு வளர்ந்தது. வட்டம் வட்டமாகப் பிரித்து, அகலச் சாலை போட்டு, இருபுறமும் மரம் வைத்த ஊர். நிலத்தை விட்டுப்போன கிராமங்களின் மேல் போட்ட சாலைகள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முதல் ஷிஃப்ட் பேருந்துகள் போய்விட்ட பிறகு காலையில் வெளியே வந்தால், எல் போர்டு மாட்டிய கார்கள் ஊர்ந்துகொண்டிருக்கும். கார் ஓட்டப் பழக இதைவிட நல்ல ஊர் தமிழ்நாட்டில் அதிகம் இருக்காது. நெரிசல் இல்லை, சந்து இல்லை, லாரி ஆர்ச் கேட்டுக்கு வெளியே நெடுஞ்சாலையில் போகிறது. ஆனாலும் குவார்ட்டர்ஸ் வாசல்களில் உறை போட்டு நிற்கும் கார்களைப் பார்க்கிறேன். வீட்டுக்காரர் ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ்ஸிலோ ஸ்கூட்டரிலோ போயிருப்பார். வீட்டம்மாவின் கைப்பையில் ஓட்டுநர் உரிமம் இருக்கும். கார் சாவி ஆணியில் தொங்கும்.

ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில் வருகிறது: “ஸ்கூல் வண்டியில நல்லா ஓட்டினேங்க. நம்ம வண்டியில ஆஃப் ஆயிடுது.”

இது பயம் அல்ல, பாடத்தில் விட்ட ஓட்டை. கிளட்ச் என்ன செய்கிறது? என்ஜின் சுற்றிக்கொண்டே இருக்கிறது, சக்கரம் நிற்கிறது. சுற்றுவதையும் நிற்பதையும் ஒன்றோடொன்று உராயவிட்டு மெல்லச் சேர்க்க வேண்டும். பெடல் மேலே வரும் வழியில் ஓரிடத்தில் வண்டி லேசாக அதிரும், என்ஜின் சத்தம் தடிக்கும். ஹாஃப் கிளட்ச் என்று சொல்கிறோமே, அந்த இடம். அது ஒவ்வொரு வண்டியிலும் வேறு உயரத்தில் இருக்கும்; தேய்ந்த பிளேட்டில் இன்னும் மேலே. வாயால் சொல்லித்தர முடியாது. இடது பாதம் தானாகக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்கும்வரை வண்டி நிற்கும், குலுங்கும், பின்னால் ஹாரன் அடிப்பார்கள். கற்பது என்பதே அதுதான்.

பள்ளி வண்டியில் வண்டி நிற்பதில்லை. ஆசிரியர் நிற்கவிடுவதில்லை. “மேடம், நீங்க ஸ்டீயரிங் மட்டும் பாருங்க” என்கிறார். இரண்டு பெடலும் இணைக்கப்பட்டவை என்பதால் அவர் மிதித்தால் உங்கள் பெடலும் தானாகக் கீழே போகும், உங்கள் கால் அதன்மேல் பயணம் செய்யும். சட்டம் கார் பயிற்சிக்கு 21 நாட்களும் பத்து மணி நேர ஓட்டமும் குறைந்தபட்சம் என்கிறது. அந்தப் பத்து மணி நேரத்தில் எவ்வளவு நேரம் கிளட்ச் உங்களுடையதாக இருந்தது என்று யாரும் கணக்கெடுப்பதில்லை. பையன்களுக்கும் இதே கார்தான், இதே ஆசிரியர்தான். ஆனால் பையன் மாலையில் அப்பா வண்டியையோ நண்பன் வண்டியையோ எடுத்து நிறுத்தி நிறுத்திப் பழகிவிடுகிறான். அவன் கெடுத்துக்கொள்ள ஒரு வண்டி இருக்கிறது.

அடுத்த பள்ளி கணவர். அவர் பக்கம் பெடல் இல்லை, ஹேண்ட் பிரேக்கும் குரலும் மட்டும் உண்டு. கிளட்ச் பிளேட் மாற்ற என்ன செலவு ஆகும் என்பது அந்த வகுப்பின் முதல் பாடம். இரண்டாம் நாளோடு பெரும்பாலான வகுப்புகள் முடிந்துவிடுகின்றன. இதைக் குடும்பப் பிரச்சினையாகத்தான் பேசுகிறோம். வீட்டிலுள்ள ஒரே விலையுயர்ந்த இயந்திரத்தை யார் தேய்த்துப் பழகலாம் என்ற கேள்வி அது; சொத்துப் பிரச்சினை.

“ஆட்டோமேட்டிக் வாங்கினா முடிஞ்சுதே” என்று தோழிகளே சொல்கிறார்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் கட்டாயம் வாங்கட்டும். கிளட்ச்சை மிதிப்பதில் வீரம் ஒன்றும் இல்லை. ஆனால் இந்த யோசனைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. கியர் இல்லாத ஸ்கூட்டி பெண்களுக்கு, கியர் பைக் ஆண்களுக்கு என்று விளம்பரங்கள் முப்பது வருடமாகச் சொல்லிவருகின்றன. இருசக்கர உரிமத்திலும் கியர் உள்ளது, இல்லாதது என்று பிரிவு உண்டு. காருக்கு அந்தப் பிரிவு இங்கே இல்லை. பிரிட்டனில் ஆட்டோமேட்டிக்கில் தேர்ச்சி பெற்றால் உரிமம் அதோடு நின்றுவிடும். இந்திய உரிமம் எல்லாக் காருக்கும் ஒன்று. ஆகவே நம் காகிதம் ஒரு பெண்ணுக்கு ஓட்டத் தெரியும் என்கிறது, வாசலில் நிற்கும் வண்டி தெரியாது என்கிறது. 2014இல் செலேரியோவில் தொடங்கி மலிவான ஆட்டோமேட்டிக் கார்கள் வந்துவிட்டன, உண்மைதான். அப்போதும் கியர் வண்டியைவிட விலை கூடுதல். அந்தக் கூடுதலைத் தருவதா என்று முடிவு செய்பவர் யார்? இரவு இரண்டு மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும் கணவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக எடுக்க வேண்டியது அன்றைக்கு வீட்டில் நிற்கும் வண்டியை, அல்லது பக்கத்து வீட்டு வண்டியை.

‘லேடீஸ் வண்டி’ என்ற கருத்தைப் பற்றி நான் படித்ததில் மிகக் கூர்மையான வரி ஒரு கார் கட்டுரையில் இல்லை, சைக்கிள் கட்டுரையில் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுத்தந்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது ஆட்சியர். அதைப் பற்றி பி. சாய்நாத் எழுதிய கட்டுரையில் போகிற போக்கில் ஒரு செய்தி: சில பெண்கள் ஆண்கள் சைக்கிளையே விரும்பினார்கள், ஏனென்றால் அதன் குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம். பெண்களுக்கென்று வடிவமைத்தவர்கள் சேலையை நினைத்தார்கள், குழந்தையை நினைக்கவில்லை. (மத்தியப் பாடத்திட்டத்தின் எட்டாம் வகுப்பு இந்திப் புத்தகத்தில் இந்தக் கட்டுரை பல ஆண்டுகள் பாடமாக இருந்தது. புதுக்கோட்டைப் பெண்களைப் பற்றித் தமிழ்ப் பிள்ளைகள் இந்தியில் படித்துத் தேர்வு எழுதினார்கள்.)

சாய்நாத்தின் கட்டுரை மற்றவற்றிலிருந்து வேறுபடுவது அது கற்கும் மைதானத்தில் நிற்பதால். ஞாயிற்றுக்கிழமை நல்ல சேலை கட்டிக்கொண்டு பயிற்சிக்கு வரும் பெண்கள், கற்ற கையோடு அடுத்தவருக்குக் கற்றுக்கொடுக்கும் பெண்கள். குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள். 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் பொது இடத்தில் ஓட்டிக் காட்டினார்கள் என்று அவர் எழுதுகிறார். சைக்கிளுக்குப் பெட்ரோல் வேண்டாம், வாடகைக்குக் கிடைக்கும், விழுந்தால் முட்டியோடு போகும். காரோடு அதை அப்படியே ஒப்பிட முடியாது, குவார்ட்டர்ஸ் பெண்ணையும் குவாரிப் பெண்ணையும் ஒரே தட்டில் வைக்கவும் முடியாது. வசதி குறைந்தவர்கள் கூட்டமாகக் கற்றார்கள், வசதி உள்ளவர்கள் தனித்தனியாகக் கணவரிடம் மாட்டிக்கொண்டோம் என்பதை மட்டும் கவனிக்கலாம்.

அந்தக் கூட்டம் பத்திரிகைகளுக்குப் பிடிக்காது. பத்திரிகைக்குப் பிடித்த சொல் ‘முதல்’. 1993இல் கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி அரசுப் பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார், 2017இல் ஓய்வு பெற்றார். நான் படித்த அறிமுகங்கள் எல்லாம் அந்த முதல் நாளில் நின்றுவிடுகின்றன; நடுவில் 24 வருடம் அவர் தினமும் கிளட்ச்சை மிதித்துக்கொண்டிருந்தார். 2023இல் கோவையில் ஷர்மிளா தனியார் பேருந்து ஓட்டியபோது அரசியல்வாதிகள் பார்க்க வந்தார்கள், செல்ஃபி எடுத்தார்கள், சில நாளில் அந்த வேலை போனது, கமல்ஹாசன் கார் கொடுத்தார். முப்பது வருடம் கழித்தும் இது வேடிக்கை பார்க்கும் காட்சியாக இருந்தது என்றால், 1993இன் ‘முதல்’ எதைத் தொடங்கிவைத்தது? இரண்டாவது, பதினேழாவது, நூறாவது பெண்ணைப் பற்றி யாராவது எழுதியிருந்தால் தெரிந்திருக்கும்.

எங்கள் பக்கத்து வட்டத்தில் நான்கு பெண்கள் இப்போது ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுக்கிறார்கள். ஒருத்தியின் பழைய ஆல்ட்டோ. பிளேட் போனால் நால்வரும் பங்கு போட்டுக்கொள்வது என்று முன்பே பேசிவிட்டார்கள். நெய்வேலிச் சாலைகள் சமதரை என்பதால் மேட்டில் வண்டி எடுக்கப் பழக வழியில்லை. அதற்காக ஞாயிற்றுக்கிழமை நகரியத்துக்கு வெளியே ஒரு ரயில்வே கேட் ஏற்றத்துக்குப் போகிறார்கள். ஏற்றத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, ஹாஃப் கிளட்ச்சில் வண்டி இழுப்பது காலுக்குத் தெரியும்வரை காத்திருந்து விட வேண்டும். பின்னால் வரும் பஸ் ஹாரன் அடிக்கிறது. “அடிக்கட்டும்டி, நீ மெதுவா விடு” என்கிறாள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள். அவள் காலடியில் பெடல் எதுவும் இல்லை.