விடை சரி, வாக்கியம் தப்பு

ஆங்கில வாக்கியத்தை சப்ஜெக்ட், வெர்ப், ஆப்ஜெக்ட், காம்ப்ளிமென்ட், அட்ஜங்ட் என்று பிரிக்கும் எஸ்விஓசிஏ என்ற ஐந்தெழுத்தைக் குறை சொன்னால் புதுக்கோட்டையில் உடனே ஒரு பதில் வரும். “கறம்பக்குடியிலிருந்தும் மணமேல்குடியிலிருந்தும் வருகிற பிள்ளைக்கு இங்கிலீஷை வேறு எப்படி சார் சொல்லிக் கொடுப்பது? ஃபார்முலா இருந்தால்தான் பிடித்துக்கொள்வான். மார்க்கும் விழும்.” பள்ளி ஆசிரியர்கள் சொல்கிறார்கள், டிஎன்பிஎஸ்சி பயிற்சி மையம் நடத்துகிறவர்கள் சொல்கிறார்கள், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்கள் இன்னும் அழுத்திச் சொல்கிறார்கள். பிள்ளைகள் மீதுள்ள அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனாலும் அந்த வாதம் தப்பு.

அந்த எழுத்துகளால் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். வினையைக் கடைசியில் வைத்துப் பேசும் வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு, ஆங்கிலத்தில் எழுவாயை ஒட்டி வினை வந்துவிட வேண்டும் என்ற ஒழுங்கு இந்த எழுத்துகளால் பதிகிறது. பெரிய வகுப்பில் விடைத்தாள் திருத்துவதும் சுலபம். ஏழாம் எட்டாம் வகுப்புக்கு இது போதும். அதே எழுத்துகளைப் பிளஸ் டூ வரைக்கும், அதையும் தாண்டி அரசு வேலைத் தேர்வு வரைக்கும் இழுத்துக்கொண்டு போவானேன்? டிஎன்பிஎஸ்சியின் பொது ஆங்கிலப் பாடத்திட்டத்தில் வாக்கிய அமைப்பைக் கண்டுபிடிப்பது தனித் தலைப்பாகவே இருந்தது. 2021 இறுதியில் தமிழ் கட்டாயமாகும் வரை, குரூப் 4 தேர்வில் பொது ஆங்கிலத்தைத் தேர்ந்துகொண்டவர்களுக்கு நூறு கேள்விகள். அந்த நூறுக்காக இந்த மாவட்டத்தில் எத்தனையோ பேர் எஸ், வி, ஐஓ (இன்டைரக்ட் ஆப்ஜெக்ட்), டிஓ (டைரக்ட் ஆப்ஜெக்ட்) என்று மந்திரம்போல உருப்போட்டார்கள்.

என் ஆட்சேபம் ஒன்றுதான், நெடுநாளையது. ‘ஹி டோல்டு மீ த ஸ்டோரி.’ இதைப் பிரிக்கச் சொன்னால் பிள்ளை எஸ், வி, ஐஓ, டிஓ என்று எழுதுவான். ஒரு மதிப்பெண். அடுத்து, ‘ஹி எக்ஸ்பிளெயின்டு மீ த ப்ராப்ளம்.’ இதற்கும் எஸ், வி, ஐஓ, டிஓ என்றுதான் எழுதுவான். அதற்கும் ஒரு மதிப்பெண் போடத்தான் வேண்டும், பிரித்தது சரி. ஆனால் அது ஆங்கிலமே இல்லை. ‘எக்ஸ்பிளெயின்’ என்ற வினை ‘மீ’யைத் தன் பக்கத்தில் உட்காரவிடாது, பொருளை முதலில் சொல்லி, அப்புறம் ‘டு மீ’ என்றுதான் ஆளைச் சொல்ல வேண்டும். ‘சஜஸ்ட்’டும் அப்படியே, ‘டிஸ்க்ரைப்’பும் அப்படியே. நம் பிள்ளைகள் எழுதும் விண்ணப்பங்களில் அதிகம் சறுக்கும் இடம் இது. சரியான வாக்கியத்துக்கும் தப்பான வாக்கியத்துக்கும் ஒரே விடையைத் தருகிற கருவியை வைத்துக்கொண்டு என்னத்தைக் கற்றுக்கொடுக்கிறோம்?

இப்படி ஆவதற்குக் காரணம், எழுத்துகள் வாக்கியத்தின் மேல் ஒட்டப்படுகின்றன. கட்டளையோ வினையின் உள்ளே இருக்கிறது. முடிந்த வாக்கியத்தை அறுத்துப் பார்க்க இந்தப் பாகுபாடு உதவும். 1904இல் ஆனியன்ஸ் என்ற இலக்கண அறிஞர் ஆங்கிலப் பயனிலையை ஐந்து வடிவங்களாக வகுத்தார். இலக்கண அறிஞர் குவெர்க்கும் அவருடைய கூட்டாளிகளும் 1985இல் வெளியிட்ட ஆங்கில இலக்கணப் பெருநூலில் வாக்கிய வகைகளை ஏழாகக் கணக்கிட்டார்கள். இலக்கணம் எழுதுகிறவருக்கு அந்தக் கணக்கு தேவை. வாக்கியம் எழுதத் தெரியாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவனுக்கு அது எதற்கு?

அயல்நாட்டு மாணவர்களோடு மல்லுக்கட்டியவர்கள் இதை எப்போதோ கண்டுகொண்டார்கள். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹரால்டு பாமர் 1938இல் 27 வினை அமைப்புகளை வகுத்தார். அவருக்குப் பின் அந்தப் பணியைத் தொடர்ந்த ஹார்ன்பி அவற்றை 25 ஆக்கினார். 1942இல் தோக்கியோவில் வெளிவந்த அவருடைய அகராதியில், எந்த வினை எந்த அமைப்பை ஏற்கும் என்று அந்தந்த வினையின் கீழேயே குறித்திருந்தார். அதே அகராதியை 1948இல் ஆக்ஸ்போர்டு பதிப்பகம் வெளியிட்டது. இன்று நம் பள்ளி நூலக அலமாரியில் தூசி படிந்து நிற்கும் தடித்த அகராதி அதன் வாரிசு. ஹார்ன்பியின் முறைக்கும் வியாதி வந்தது என்பது வேறு விஷயம். 1974 பதிப்பில் குறியீடுகள் பெருகிப்போய், 1989 பதிப்பில் அவற்றை மாற்ற வேண்டியதாயிற்று. ஆனாலும் அவர் தொடங்கிய இடம் சரியானது: முதலில் வினையைக் கேள், வாக்கியம் தானாக வரும்.

தமிழ் பேசுகிறவனுக்கு இது புதுச்சரக்கா? ‘எனக்குப் பிடிக்கும்’ என்கிறோம், ‘நான் விரும்புகிறேன்’ என்கிறோம். ஒரு வினை ‘எனக்கு’ கேட்கிறது, இன்னொன்று ‘நான்’ கேட்கிறது. ‘நான் பிடிக்கும்’ என்று மூன்று வயதுக் குழந்தை சொன்னால் பாட்டி சிரித்துக்கொண்டே திருத்துவாள். வினைக்கும் வேற்றுமைக்கும் உள்ள இந்த உறவை யாரும் எழுத்து போட்டு நமக்குச் சொல்லித் தரவில்லை. வினையோடு சேர்த்தே கேட்டோம், சேர்த்தே பேசினோம்.

ஃபார்முலா சும்மா இருந்தாலாவது பரவாயில்லை, தப்பை வேறு உற்பத்தி செய்கிறது. ‘டு’வுக்குப் பின் வி1, அதாவது வினையின் மூல வடிவம், வரும் என்பது எல்லா வகுப்பிலும் கரும்பலகையில் எழுதும் விதி. அதை நம்பித்தான் வேலை விண்ணப்பத்தின் கடைசி வரியில் ‘லுக்கிங் ஃபார்வர்டு டு மீட் யூ’ என்று எழுதுகிறார்கள். அங்கே ‘மீட்டிங்’ வர வேண்டும். அந்த ‘டு’ வேறு ஜாதி. விதியை மனப்பாடம் செய்யாதவன் ஒருவேளை எங்கோ காதில் விழுந்ததை வைத்துச் சரியாக எழுதியிருப்பான். விதியைக் கற்றவன் தவறாமல் தப்பு செய்கிறான். ‘மேக்’ இன்னொன்று. ‘அப்பா என்னைப் படிக்க வைத்தார்’ என்பதை ‘மேட் மீ டு ஸ்டடி’ என்று எழுதுகிறோம். அங்கே ‘டு’ கூடாது. செயப்பாட்டு வினையாக்கி ‘ஐ வாஸ் மேட் டு ஸ்டடி’ என்றால் அதே ‘டு’ கட்டாயம். செய்வினையைச் செயப்பாட்டு வினையாக்கும் பயிற்சியை வருடக்கணக்காகச் செய்கிறோம், இந்த ‘டு’ எங்கிருந்து முளைத்தது என்று ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை.

இதில் எரிச்சலூட்டுவது, நம் மொழி நீட்டும் கையைத் தட்டிவிடுவதுதான். ‘ஸ்டாப்’, ‘ஃபர்கெட்’ போன்ற வினைகளுக்குப் பின் ‘டு’ வருமா ‘இங்’ வருமா என்பது பயிற்சி மையங்களில் பெரிய பூதம். ஜெரண்ட், இன்ஃபினிட்டிவ் என்று இரண்டு பட்டியல் போட்டு மிரட்டுகிறார்கள். ‘கதவைப் பூட்ட மறந்தேன்’, ‘கதவைப் பூட்டியதை மறந்தேன்’ என்று இரண்டு வரி சொன்னால் அறந்தாங்கிப் பையனுக்கு அந்த நொடியே விளங்கும். முதலாவதில் பூட்டவே இல்லை, ‘டு’. இரண்டாவதில் பூட்டியாயிற்று, நினைவில்தான் இல்லை, ‘இங்’. ‘பேச நின்றான்’, ‘பேசுவதை நிறுத்தினான்’ என்பதும் இப்படியே. செய என்னும் எச்சமும் தொழிற்பெயரும் வைத்திருக்கிற மொழிக்காரனுக்கு இந்த வேற்றுமை பிறப்பிலேயே கையில் இருக்கிறது. தமிழ் கைவிடும் இடங்களும் உண்டு: ‘என்ஜாய்’க்கும் ‘அவாய்டு’க்கும் பின் ஏன் ‘இங்’ என்றால் காரணம் சொல்லி முடியாது, வினையோடு சேர்த்தே வாயில் பழக்க வேண்டும். எங்கே தமிழைக் கூப்பிடலாம், எங்கே வாய்ப்பழக்கம்தான் வழி என்று பிரித்துக் காட்டுவதுதான் ஆசிரியரின் வேலை. எஸ்விஓசிஏ அந்த வேலையிலிருந்து அவருக்கு விடுமுறை கொடுத்துவிடுகிறது.

கிராமத்துப் பிள்ளைக்கு ஃபார்முலாதான் ஏறும் என்ற பேச்சு இந்த மாவட்டத்தில் எழுவதுதான் விந்தை. 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில் கல் குவாரியிலும் வயலிலும் உழைத்த பெண்கள் எழுத்துக் கற்றது இங்கேதான். அவர்கள் வாழ்க்கையில் புழங்கும் சொற்களை முன்னால் வைத்துத்தான் பாடம் நடந்தது. உயிரெழுத்து, மெய்யெழுத்து என்று வகைபிரிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் படிப்பு என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் அவரை ஊர் என்ன சொல்லியிருக்கும்? அந்தப் பெண்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று ஐஓவையும் டிஓவையும் அடிக்கோடிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மார்க் விழுகிறதே என்ற கடைசி வாதம் மிச்சம். விழத்தான் செய்யும். பிரிக்கக் கற்றுக்கொடுத்து, பிரிக்கச் சொல்லிக் கேட்டால் ஏன் விழாது? கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: ‘டெல், எக்ஸ்பிளெயின், ஷோ, சஜஸ்ட் ஆகிய நான்கில் எவற்றுக்கு அடுத்தே ஆளைச் சொல்லலாம்? ஒவ்வொன்றையும் வைத்து ஒரு வாக்கியம் எழுதுக.’ இதற்கு மாணவன் வினையைத் தெரிந்திருக்க வேண்டும், ஆசிரியர் வாக்கியத்தைப் படித்துத் திருத்த வேண்டும், கோனார் உரையோ கைடோ விடையை அச்சடித்துத் தர முடியாது. கேள்வித்தாள் தயாரிப்பவர்கள் இந்தப் பக்கமே வராததற்குக் கிராமத்துப் பிள்ளையின் மேலுள்ள கருணைதான் காரணம் என்று என்னால் நம்ப முடியவில்லை.