அம்புக்குறி உட்கருவோடு நின்றுவிடுகிறது

இன்டர்ஃபெரான் பற்றி எந்தப் பாடப்புத்தகத்தைப் புரட்டினாலும் அதே படம்தான். செல்லின் மேல் ஒரு ஏற்பி, அதற்குக் கீழே ஜாக்1, டைக்2, பிறகு ஸ்டாட்1, ஸ்டாட்2. கடைசி அம்புக்குறி உட்கருவுக்குள் போய் டிஎன்ஏ-வைத் தொட்டதும் படம் முடிந்துவிடும். சரி, அப்புறம்? எம்ஆர்என்ஏ வெறும் ஆர்டர் சீட்டுதான். சாப்பாடு இலைக்கு வரணுமே!

1957-ல் ஐசக்ஸும் லிண்டன்மனும் இன்டர்ஃபெரானைக் கண்டுபிடித்தது வைரஸைத் தடுக்கும் பொருளாகத்தான். வைரஸுக்குத் தன் புரதங்களைச் செய்துகொள்ள நம் செல்லின் ரைபோசோமை விட்டால் வேறு கதி இல்லை. அதனால் இன்டர்ஃபெரான் பிகேஆர் என்ற நொதியைப் பெருக்கி வைக்கிறது. வைரஸ் ஆர்என்ஏ கண்ணில் பட்டதும் அது புரத உற்பத்தியையே முடக்கிவிடும். ஆனால் இன்டர்ஃபெரானின் வேலை நடக்கவும் புதுப் புரதங்கள் வேண்டுமே? கடையைச் சாத்திவிட்டு உள்ளே சமைப்பது எப்படி?

ஷிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பிளாட்டானியாஸ் குழு பல வருஷமாக இதைத்தான் துருவிக்கொண்டிருக்கிறது. இன்டர்ஃபெரான் ஸ்டாட்டோடு நிற்காமல் எம்டார் பாதையையும் தூண்டுகிறது. 4இ-பிபி1 என்ற தடை விலகுகிறது. இன்டர்ஃபெரான் எழுப்பிய எம்ஆர்என்ஏ-க்கள் ரைபோசோமுக்குப் போகின்றன.

வேடிக்கை என்னவென்றால், ரத்தப் புற்றுச் செல்கள் கொழுத்து வளரவும் எம்டார்தான் துணை. அப்படியானால் எம்டாரை அடக்கும் ராபமைசினை இன்டர்ஃபெரானோடு சேர்த்துக் கொடுத்தால் இரட்டை அடி விழும் என்றுதானே தோன்றும்? 2004-ல் வந்த ஓர் ஆய்வில் மைலோமா செல்களில் நடந்தது நேர்மாறு. இன்டர்ஃபெரானால் சாக வேண்டிய செல்கள், ராபமைசின் சேர்ந்ததும் தப்பித்தன. ஸ்டாட் பாதையோ வழக்கம்போல இயங்கிக்கொண்டிருந்தது. படத்தில் இருக்கும் அம்புக்குறி எல்லாம் சரி, ஆனால் செல் சாகவில்லை. ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்கள்தான், நோயாளி இல்லை. இருந்தாலும் பாடப்புத்தகப் படத்துக்கு இதைவிடப் பெரிய அடி வேண்டாம்.

எனக்குள்ள குறை இதுதான். பாலிசைத்தீமியா வேராவுக்கு ரோபெக் இன்டர்ஃபெரானை 2021-ல் அமெரிக்கா அனுமதித்தது. ஊசி போட்டுக்கொண்டு காய்ச்சலும் அசதியும் தாங்கும் நோயாளிகளில் சிலருக்கு மருந்து கேட்கிறது, சிலருக்குக் கேட்பதில்லை. காரணம் தேடும் கட்டுரைகள் பலவும் எம்ஆர்என்ஏ அளவை மட்டும் அளந்து, 'மரபணு தூண்டப்பட்டது' என்று முடித்துக்கொள்கின்றன. ரைபோசோம்கள் கொத்தாக ஏறிய எம்ஆர்என்ஏ-வைத் தனியாகப் பிரித்துப் பார்க்கும் பாலிசோம் முறை இருக்கத்தான் செய்கிறது. வேலை அதிகம், செல்லும் நிறைய வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். செய்ய முடியாவிட்டால் 'சீட்டைத்தான் எண்ணினோம்' என்றாவது கட்டுரையில் எழுதலாமே.