1958-ம் வருஷத்து ரசீது இருக்கிறதா?

உங்கள் தாத்தா 1958-ல் கட்டிய நிலவரி ரசீது வீட்டில் இருக்கிறதா? சும்மா ஒரு தடவை பீரோவைத் திறந்து பாருங்களேன். 57-ம் வருஷத்து ரசீது செல்லாது, 59-ம் செல்லாது. சரியாக 58 வேண்டும். இல்லையா? அப்படின்னா நீங்கள் அந்நியர்!

விளையாட்டில்லை. 1988-ல் தெற்கு பூடானில் கணக்கெடுப்பு இப்படித்தான் நடந்தது. தலைமுறைகளாக அங்கே விவசாயம் செய்துவந்த, நேபாளி பேசும் லோட்ஷாம்பா மக்களை எஃப்-1 முதல் எஃப்-7 வரை ஏழு ரகமாகப் பிரித்தார்கள். புருஷன் அசல் குடிமகன், பெண்டாட்டி வேறு ரகம் என்றெல்லாம் ஆனது. இவர்களுக்குக் குடியுரிமை கொடுத்ததே 1958-ம் வருஷத்துச் சட்டம்தான். அதே வருஷத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே தள்ள வழி செய்தது 1985-ம் வருஷத்துச் சட்டம்.

1989-ல் எல்லோரும் வடக்கத்திக்காரர்களின் கோ, கிரா உடையைத்தான் உடுத்த வேண்டும் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் நேபாளி பாடத்தை நிறுத்தினார்கள். 1990-ல் ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். கைது, சித்ரவதை. அப்புறம், 'நாங்களாகவே விரும்பிப் போகிறோம்' என்ற படிவத்தில் கையெழுத்து. கையெழுத்துப் போடும்போது கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னார்களாம். அகதிகள் சொன்னது இது.

அப்போதைய மன்னர் ஜிக்மே சிங்கே வாங்சுக். 'மொத்த தேசிய மகிழ்ச்சி' என்று உலகத்துக்குப் பாடம் எடுத்தவர். நாமும் கைதட்டினோம். அந்தக் காட்டையும் காற்றையும் பற்றி எனக்குப் புகார் இல்லை. ஆனால், மகிழ்ச்சியை அளக்கும் முன்பே ஒரு லட்சம் பேரைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டால், சராசரி நன்றாகத்தானே வரும்?

பூடானுக்கும் நேபாளத்துக்கும் பொது எல்லை கிடையாது. நடுவில் இருப்பது நம்ம ஊர். வந்தவர்களை லாரியில் ஏற்றி நேபாள எல்லையில் இறக்கிவிட்டதோடு டெல்லி கையைக் கழுவிக்கொண்டது. 'இது அவர்கள் இரண்டு பேர் விவகாரம்' என்றது.

நேபாளத்தில் ஜாபா, மோரங் மாவட்டங்களில் ஏழு முகாம்கள். மூங்கில் குடிசைகள். 2001-ல் ஒரு முகாமில் சுமார் 12,000 பேரைச் சரிபார்த்தார்கள். 2003-ல் வந்த முடிவைக் கேளுங்கள்: பலவந்தமாக விரட்டப்பட்ட பூடான்காரர்கள் இரண்டரை சதவிகிதம்கூட இல்லை. எழுபது சதவிகிதம் பேர் தாங்களாகவே போனவர்களாம். சிரித்த போட்டோ இருக்கிறதே!

2008-ல் பூடானில் முதல் பொதுத்தேர்தல் நடந்தது. அதே வருஷம் இவர்கள் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா என்று விமானம் ஏறத் தொடங்கினார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை எட்டு நாடுகள் எடுத்துக்கொண்டன. அந்த எட்டில் பூடான் இல்லை.

2025 மார்ச்சில் இவர்களில் சிலரை அமெரிக்கா பூடானுக்கே நாடு கடத்தியது. பூடான் அவர்களைத் தங்க விடவில்லை. வண்டியில் ஏற்றி இந்திய எல்லையில் விட்டது. அங்கிருந்து நேபாளம் போய்ச் சேர்ந்த நாலு பேரை அந்த நாட்டுப் போலீஸ் பிடித்து வைத்தது. அனுமதியில்லாமல் நுழைந்துவிட்டார்களாம்.