நிலம் உண்டு, பொழுது இல்லை: பூச்சிமருந்து வரைபடங்களை வாசித்தல்

பூச்சிமருந்துப் பயன்பாட்டைக் காட்டும் வரைபடத்தையும் ஓர் இலக்கியப் பிரதியைப்போல வாசிக்கலாம் என்று நான் நினைக்கிறேன். யார் சொல்கிறார், யாரைப் பற்றிச் சொல்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்ற கேள்விகளைக் கவிதையிடமும் நாவலிடமும் கேட்டுப் பழகியிருக்கிறோம். புள்ளிவிவரத்திடம் கேட்க மட்டும் தயங்குகிறோம். எண் என்று வந்துவிட்டால் தமிழ்த்துறை ஒதுங்கிக்கொள்கிறது. ஆனால் வேளாண்மை, உடல்நலம், இழப்பீடு பற்றிய பேச்சுகளில் இன்று வரைபடம்தான் சாட்சியாக முன்வைக்கப்படுகிறது. அதன் நிறங்களுக்குள் பெண்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தேடுவது நம்முடைய வேலையும்தான்.

முதலில் இத்தகைய வரைபடம் எப்படி உருவாகிறது என்று பார்க்கலாம். கியூஜிஐஎஸ் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. சாதாரண மடிக்கணினியில் ஓடும். அதற்கு இரண்டு பொருள்கள் போதும்: மாநில எல்லைகளைக் கொண்ட ஒரு கோப்பு, எண்களைக் கொண்ட ஓர் அட்டவணை. மாநிலப் பெயரை வைத்து இரண்டையும் இணைத்து, எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்று சொன்னால் படம் தயார். என் மாணவிகளோடு செய்து பார்த்தபோது ஒரு பிற்பகல் வகுப்பிலேயே முடிந்துவிட்டது. அடுத்து வந்த கேள்விகளுக்குத்தான் ஒரு பருவம் முழுவதும் தேவைப்பட்டது.

மத்திய அரசின் பயிர்ப் பாதுகாப்பு இயக்ககம் மாநிலவாரியாகப் பூச்சிமருந்து நுகர்வு அட்டவணையை வெளியிடுகிறது. 2020-21ஆம் ஆண்டில் நாடு முழுவதற்கும் சுமார் 62,000 டன். மகாராஷ்டிரம் சுமார் 13,000 டன். தமிழ்நாடு 2,000 டன் அளவில். இந்த எண்களைச் சம இடைவெளியில் ஐந்து நிறங்களாகப் பிரித்தால் தமிழ்நாடு மிக வெளிறிய நிறத்தில் நிற்கும். ஒவ்வொரு நிறத்திலும் சம எண்ணிக்கையில் மாநிலங்கள் இருக்கும்படி பிரித்தால் அதே தமிழ்நாடு சில படிகள் தாண்டி அடர்நிறத்துக்குப் போய்விடும். மொத்த எடையைச் சாகுபடிப் பரப்பால் வகுத்தால் மகாராஷ்டிரம் பின்னுக்குப் போய், பஞ்சாப் முன்னால் வரும். எண் மாறவில்லை, கணக்கிலும் பொய் இல்லை. ஆனால் ஒரு சொடுக்கில் ஒரு மாநிலம் பாதுகாப்பானதாகவும் இன்னொரு சொடுக்கில் ஆபத்தானதாகவும் தெரிகிறது. எந்தப் பிரிப்பு முறையைத் தேர்ந்தார்கள் என்பது பெரும்பாலான வரைபடங்களின் ஓரத்தில்கூட எழுதப்படுவதில்லை.

அடுத்து அந்த எண்ணையே கேள்வி கேட்கலாம். அட்டவணை அளப்பது மூல வேதிப்பொருளின் எடையை. இமிடாகுளோபிரிட் எக்டேருக்கு 20, 25 கிராம் போதும் என்கிறார்கள். மோனோகுரோட்டோபாஸ் பல நூறு கிராம் தேவைப்படும். ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு விவசாயி மாறினால் டன் கணக்கு சரிந்துவிடும். மருந்து எத்தனை முறை அடிக்கப்பட்டது, யார் மேல் பட்டது என்பதில் அந்தச் சரிவு எதையும் சொல்லாது. 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம் தயாரிப்பு, பதிவு, விற்பனை ஆகியவற்றைச் சுற்றி எழுதப்பட்டது. கடைக்காரர் இருப்புப் பதிவேடு வைக்க வேண்டும். வாங்கிச் சென்ற மருந்து எந்த வயலில், எந்த நாளில், எந்த மணியில் தெளிக்கப்பட்டது என்பதற்கு அப்படியொரு பதிவேடு இல்லை. ஆக, ‘பயன்பாட்டு வரைபடம்’ என்று நாம் அழைப்பது பெரிதும் ஒரு வியாபார வரைபடம். அதன் கதாநாயகர்கள் விற்றவரும் வாங்கியவரும்.

வாங்கியவர் யார்? 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சாகுபடி நிலவுடைமைகளில் பெண்கள் பெயரில் இருப்பவை சுமார் 14 சதவீதம்தான். பட்டா ஆணின் பெயரில். கடன் அட்டை ஆணின் பெயரில். மருந்துக்கடைக்குப் போவதும் பெரும்பாலும் ஆண். முதுகில் டேங்க் கட்டி மருந்து அடிப்பவரும் அவரே அல்லது அவர் அமர்த்திய இன்னோர் ஆண். இந்த இடத்தில் ‘பூச்சிமருந்து ஆண்களின் பிரச்சினை’ என்று கதை முடிந்துவிடுகிறது. மருந்து கலக்கத் தண்ணீர் சுமந்தவள், அடித்த வயலில் மறுநாள் களையெடுத்தவள், மருந்து தோய்ந்த சட்டையைக் கையால் துவைத்தவள், காய் பறித்தவள், பூப் பறித்தவள் ஆகியோர் அட்டவணையின் எந்தப் பத்தியிலும் வருவதில்லை. அவர்களில் பலர் நிலமற்ற தலித் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் என்பதால், நிலத்தை அலகாகக் கொண்ட வரைபடம் அவர்களை இரண்டு முறை விட்டுவிடுகிறது.

இன்னும் நுணுக்கமாக வரைந்தால் சரியாகிவிடுமா? கலிபோர்னியா அதைச் செய்து காட்டியிருக்கிறது. அங்கே 1990 முதல் வேளாண் நிலத்தில் அடிக்கும் ஒவ்வொரு பூச்சிமருந்தையும் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும்: என்ன மருந்து, எவ்வளவு, எந்த நாள், எந்த ஒரு சதுரமைல் கட்டத்துக்குள் என்று. சாலினாஸ் பள்ளத்தாக்கில் 1999-2000இல் சுமார் 600 கருவுற்ற பெண்களோடு பெர்க்லி பல்கலைக்கழகத்தினர் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். அந்தப் பெண்களில் பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்து வந்த பண்ணைத் தொழிலாளர் குடும்பத்தினர். அவர்களுடைய வீடுகளைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கர்ப்பகாலத்தில் என்னென்ன அடிக்கப்பட்டது என்பதை அரசின் பதிவுகளிலிருந்து எடுத்து வரைபடத்தில் வைத்தார்கள். அருகில் ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துகள் அதிகம் அடிக்கப்பட்ட தாய்மார்களின் குழந்தைகள் ஏழு வயதில் அறிவுத்திறன் சோதனைகளில் குறைவான மதிப்பெண் பெற்றதை அந்த ஆய்வு காட்டியது. நல்ல தரவு இருந்தால் வரைபடம் என்ன செய்யும் என்பதற்கு இது சான்று. அப்படியொரு பதிவேடு இல்லாத நாட்டில், தன் குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று கேட்கும் தாயிடம் ‘ஆதாரம் எங்கே’ என்று திருப்பிக் கேட்பது மிக எளிது.

இருந்தும் அந்த ஒரு கிலோமீட்டர் வட்டம் வீட்டைச் சுற்றித்தான் வரையப்படுகிறது. உழைக்கும் பெண் பகலில் வீட்டில் இருப்பதில்லை. புவியியலாளர் மேய்-போ குவான் பெண்ணியக் காட்சிப்படுத்தல் பற்றி 2002இல் எழுதிய கட்டுரை இந்த இடத்தில் எனக்கு உதவுகிறது. ஜிஐஎஸ் என்ற கருவியை ஆண்மைய அறிவியல் என்று தள்ளிவிடாமல், அதைக் கொண்டே பெண்களின் அன்றாடத்தை வரையலாம் என்றார் அவர். கீழே தளமாக ஊர், மேல்நோக்கி நேரம். ஒரு பெண்ணின் நாள் அந்த வெளியில் ஏறிச் செல்லும் கோடாகத் தெரியும். எங்கே எவ்வளவு நேரம் நிற்கிறாள், எந்த நேரத்தில் எங்கே போக முடியாமல் கட்டுண்டிருக்கிறாள் என்பதை அந்தக் கோடு காட்டும்.

இதைப் படித்தபோது தமிழ் படித்தவளுக்குத் திணை நினைவுக்கு வராமல் இருக்காது. தொல்காப்பியம் முதற்பொருள் என்று சொல்வது நிலத்தை மட்டுமல்ல. நிலமும் பொழுதும் சேர்ந்துதான் முதல். குறிஞ்சிக்கு யாமம், முல்லைக்கு மாலை, மருதத்துக்கு வைகறையும் விடியலும் என்று பொழுதைப் பிரித்து வைத்த மரபு அது. பொழுது இல்லாத நிலத்தில் அங்கே மாந்தருக்கு நேர்வதைப் பேச முடியாது என்பது அந்தப் பகுப்பின் உட்பொருள். திணைக்கோட்பாட்டை ஜிஐஎஸ்ஸின் முன்னோடி என்று கொண்டாடும் வேலையில் எனக்கு ஆர்வமில்லை. தலைவியையும் பரத்தையையும் அது எப்படிப் பகுத்தது என்பதும் நமக்குத் தெரியும். ஆனால் ஒரு விமர்சன அளவுகோலாக அது இங்கே பயன்படுகிறது. நம் பூச்சிமருந்து வரைபடங்களில் நிலம் உண்டு, பொழுது இல்லை.

மதுரை மல்லியை எடுத்துக்கொள்வோம். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற பூ. உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு வருகிறது. மொட்டுப்புழுவும் சிவப்புச் சிலந்தியும் தாக்கும் செடி என்பதால் மருந்து அடிக்காமல் பூ எடுப்பவர்கள் குறைவு. முல்லைத் திணையின் பொழுது மாலை. மல்லியும் மாலையில்தான் விரிந்து மணக்கும். பூச்சூடுபவளின் பொழுது அது. பறிப்பவளின் பொழுது வைகறை. மொட்டு விரியுமுன், பனியில் நனைந்த இலைகளுக்கிடையே விரல்களை விட்டு ஒவ்வொரு மொட்டாகக் கிள்ள வேண்டும். கையுறை போட்டுக்கொண்டு செய்யக்கூடிய வேலையல்ல. முந்தைய நாள் அடித்த மருந்தின் மிச்சம் அந்த ஈரத்தோடு விரலுக்கும் முழங்கைக்கும் ஏறும் நேரமும் அதுதான்.

அமெரிக்காவில் மருந்தடித்த வயலுக்குள் தொழிலாளர் மீண்டும் நுழையக் காத்திருக்க வேண்டிய நேரத்தை மருந்துப் புட்டியிலேயே அச்சிடுகிறார்கள்: மருந்துக்கேற்ப 12 மணி, 24 மணி, 48 மணி, சிலவற்றுக்கு அதற்கும் மேல். மல்லித் தோட்டத்தில் பருவம் வந்தால் தினமும் பறிக்க வேண்டும். ஒரு நாள் விட்டால் பூ விரிந்து விலை போய்விடும். 48 மணி நேரம் காத்திருப்பது தோட்டக்காரருக்கு இரண்டு நாள் பூ; பறிப்பவளுக்கு இரண்டு நாள் கூலி. ஆபத்து எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது அடித்த மருந்தின் எடை மட்டுமல்ல. அடித்ததற்கும் பறித்ததற்கும் இடையிலான மணிநேரமும்தான். எந்த அட்டவணையிலும் இல்லாத எண் அது.

பூ அங்கே நிற்பதில்லை. சித்திரையில் அழகர் வந்து தங்கும் ஊர் என்று மதுரை அறிந்த, நான் வசிக்கும் வண்டியூர், மாட்டுத்தாவணிக்குப் பக்கம். கண்மாயைச் சுற்றியிருந்த நஞ்சைகள் மனைகளாகிவிட்டன. செயற்கைக்கோள் படத்தை வகைப்படுத்தினால் இந்தப் பகுதி ‘கட்டடப் பரப்பு’ என்ற சாம்பல் நிறத்தில் விழும். வேளாண் பூச்சிமருந்துக் கணக்கில் பூச்சியம். சந்தையில் வாங்கிய உதிரிப்பூவை வாசலில் உட்கார்ந்து நாரில் தொடுத்து முழக்கணக்கில் கூலி வாங்கும் பெண்களின் விரல்கள் சாம்பல் நிறத்துக்குள் காணாமல் போகின்றன. வயல் எங்கே முடிகிறது என்று வரைபடம் ஒரு கோடு போடுகிறது. பெண்களின் உழைப்பு அந்தக் கோட்டைத் தினமும் தாண்டிக்கொண்டிருக்கிறது.

அரசு நஞ்சைக் காணாமல் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் தமிழக அரசு தற்கொலைத் தடுப்பு நடவடிக்கையாக மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட ஆறு பூச்சிக்கொல்லிகளின் விற்பனைக்கு 60 நாள் தடை விதித்தது. நல்ல நடவடிக்கைதான். ஒரேயடியாகக் குடித்தால் நஞ்சு என்று பெயர் பெறும் திரவம், தோல் வழியே சிறுகச் சிறுகப் போகும்போது ‘மருந்து’ என்ற பெயரிலேயே தொடர்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கோடு எத்தனை பெரிய அதிகாரம் என்பதைக் காசர்கோடு காட்டியது. 1970களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை அரசின் தோட்டக் கழகத்து முந்திரிக் காடுகளில் ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்பான் தெளிக்கப்பட்டது. அதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர் லீலாகுமாரி அம்மா. வேளாண்துறை ஊழியர், வீடு தோட்டத்தின் அருகே. 1998இல் வழக்குப் போட்டார். 2000இல் தடையாணை கிடைத்தது. ஹெலிகாப்டர் வந்த நாள்கள், கிணறு, வீடு, அடுத்தடுத்து வந்த நோய்கள் என்று இடத்தையும் நேரத்தையும் கோர்த்து அவரிடம் ஏற்கெனவே ஒரு வரைபடம் இருந்தது. மென்பொருள்தான் இல்லை. 2011இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் அந்த நஞ்சைத் தடைசெய்தது. ஆனால் நிவாரணம் என்று வந்தபோது 11 ஊராட்சிகளின் எல்லை பாதிக்கப்பட்ட பகுதியின் எல்லையாயிற்று. காற்றும் ஓடையும் ஊராட்சி எல்லை பார்ப்பதில்லை. அந்தக் கோட்டுக்கு வெளியே வாழ்ந்த தாய்மார்கள் தங்கள் குழந்தைகளைப் பட்டியலில் சேர்க்கவே தனியாகப் போராட வேண்டியிருந்தது.

அதனால் ‘பெண்களையும் வரைபடத்தில் சேருங்கள்’ என்று கேட்பதோடு நான் நிறுத்திக்கொள்ள மாட்டேன். சேர்ப்பதிலும் ஆபத்து உண்டு. இன்ன ஊர்ப் பூவில் நஞ்சு அதிகம் என்று ஒரு வரைபடம் வெளியானால் முதலில் விழுவது பூவின் விலை. அதற்கடுத்துப் பறிப்பவளின் கூலி. எந்தக் குடியிருப்பில் எத்தனை கருச்சிதைவு என்று புள்ளி வைத்தால் அந்தத் தெருவின் பெண்களுக்குக் கல்யாணச் சந்தையில் ஒரு பழி ஒட்டிக்கொள்ளும். தன் உடலைப் பற்றிய தகவல் எங்கே போகும், யார் பார்ப்பார்கள் என்று தீர்மானிக்கும் உரிமை அவளிடம் இல்லாத வரைபடம், எத்தனை நல்லெண்ணத்தோடு வரையப்பட்டாலும் இன்னொரு கண்காணிப்புதான். மேலிருந்து எல்லாவற்றையும் பார்ப்பதாகச் சொல்லும் பார்வை உண்மையில் எங்கோ ஓரிடத்தில் நின்றுதான் பார்க்கிறது என்று டோனா ஹாரவே 1988இல் வாதிட்டார். அது ஆய்வுக்குப் போகும் பேராசிரியைக்கும் மாணவிக்கும் பொருந்தும்.

என்னுடைய முன்மொழிவு சிறியது. களத்துக்குப் போகும் மாணவிகள் டன் கணக்கோடு மூன்று பத்திகளைச் சேர்க்கலாம்: மருந்து அடித்த நேரம், அதன்பின் வயலுக்குள் முதலில் நுழைந்தவர் செய்த வேலை, இடைப்பட்ட மணிநேரம். ஒருவருடைய பெயரும் வேண்டாம். வீட்டைக் காட்டும் புள்ளியும் வேண்டாம். பறிக்கும் பெண்களோடு உட்கார்ந்து நிரப்பப்பட்ட அந்த அட்டவணையின் முதல் படி அவர்கள் கையில் இருக்கட்டும். வெளியிடுவதா, வேண்டாமா என்று அவர்கள் சொல்லட்டும். ‘மருந்தடிச்ச மறுநாள் பறிக்க மாட்டோம், அந்த நாளைக்கும் கூலி குடு’ என்று அவர்கள் தோட்டக்காரரிடம் பேசப் போகிற அன்றைக்கு அந்த இடைப்பட்ட மணிநேரக் கணக்கு அவர்களுக்குத் தேவைப்படும்.